லியார்ட் வெந்நீர் ஊற்றில் இறங்கும் முன்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அலாஸ்கா நெடுஞ்சாலையை ஒட்டிய அடர்ந்த காட்டுக்குள் இருக்கிறது லியார்ட் ரிவர் ஹாட் ஸ்பிரிங்ஸ் பூங்கா. குளத்து நீரின் வெப்பம் 42 முதல் 52 டிகிரி செல்சியஸ் வரை போகும். 52 என்பது உடம்பு தாங்காத சூடு. அதனால் ஊற்று பொங்கும் பக்கம் நேராக இறங்காதீர்கள். நீர் வழிந்தோடும் கீழ்ப்பக்கம் போய், முதலில் காலை மட்டும் நனையுங்கள். பழகிய பிறகு மெல்ல மேலே நகரலாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். தலை லேசாகச் சுற்றினாலும் சரி, அன்றைக்கு அது போதும். வெள்ளி மோதிரம், கொலுசைக் கழற்றி வையுங்கள், கந்தகம் கலந்த நீரில் கறுத்துவிடும்.

குளத்துக்குப் போகும் மரப்பாதை வெதுவெதுப்பான சதுப்பு நிலத்தின் மேல் செல்கிறது. அதை விட்டு இறங்க வேண்டாம். அங்கே மூஸ் மான் மேயும், கரடியும் வரும். 1997-இல் கரடி தாக்கி இங்கே உயிரிழப்பே நடந்திருக்கிறது. தின்பண்டத்தைக் காரிலேயே பூட்டி வையுங்கள். அப்புறம், சோப்பு, ஷாம்பு வேண்டவே வேண்டாம். அந்த நீர் சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது, அங்கே வாழும் செடிகளும் சிற்றுயிர்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன.