துணி செக்கிங் மெஷினில் லைன் ஸ்கேன் கேமராவை ஃபிரேம் கிராபரில் இணைப்பது எப்படி

கப்பலூர் சிட்கோ பேட்டையிலும் திருமங்கலம் பக்கத்து மில்களிலும் துணி ஓட்டை, நூல் விட்ட இடம், எண்ணெய்க் கறை பார்க்கிற கேமராக்களை மாட்டிக் கொடுப்பது என் தொழில். இவை லைன் ஸ்கேன் கேமராக்கள், ஒரு தடவைக்கு ஒரே வரியை எடுக்கும், துணி ஓட ஓட வரிகள் அடுக்கிப் படமாகும். அந்த வரிகளை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கார்டுதான் ஃபிரேம் கிராபர். புதிதாக வரும் பையன்கள் கேமராவைப் பிரித்ததும் லேப்டாப்பைத் திறந்து செட்டிங்கில் தேட ஆரம்பிப்பார்கள். அதை மூடி வைக்கச் சொல்வேன். படம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள், பவர், எர்த் மூன்றில் ஒன்றாக இருக்கும். அதற்கும் முன்னால் பேப்பரில் ஒரு கணக்குப் போட வேண்டும்.

துணி 1 மீட்டர் அகலம், கேமரா 4096 பிக்சல் என்று வையுங்கள். ஒரு பிக்சலுக்கு ஏறக்குறையக் கால் மில்லிமீட்டர் வரும். நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடினால் நொடிக்கு 1000 மி.மீ. கால் மி.மீ.க்கு ஒரு வரி எடுத்தால் நொடிக்கு 4000 வரி. 8 பிட் கறுப்பு வெள்ளையில் நொடிக்கு 16 மெகாபைட் சொச்சம், அவ்வளவுதான். கேமராவையும் கார்டையும் இணைக்கிற கேமரா லிங்க் முறையில் சிறியதான பேஸ் வகையே நொடிக்கு 255 மெகாபைட் வரை கொண்டுபோகும், அதற்கு ஒரே கேபிள் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டு கேபிள் கேட்கும் ஃபுல் வகைக் கார்டை வாங்கி வைத்திருக்கிற இடங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இந்த வேகத்துக்கு ஜிகாபிட் ஈதர்நெட் கேமராவே தாங்கும், அதற்குக் கார்டும் வேண்டாம். ஆனாலும் நான் கார்டு பக்கம் நிற்பது என்கோடருக்காக, அதாவது துணியோடு சுற்றும் சக்கரத்தின் அசைவைப் பல்ஸ்களாகச் சொல்லும் கருவிக்காக. பல்ஸை எண்ணி, பெருக்கி, வகுத்து, சரியான நேரத்தில் கேமராவுக்கு ட்ரிகர் (வரி எடு என்ற சைகை) தருகிற வேலையைக் கார்டே பார்த்துக்கொள்கிறது.

தூரத்தையும் அளந்துவிடுங்கள். கேமரா லிங்க் கேபிளுக்கு 10 மீட்டர்தான் எல்லை. கம்ப்யூட்டர் பேனல் அதைத் தாண்டி இருந்தால் கோஆக்சியல் கேபிளில் ஓடும் கோஆக்ஸ்பிரஸ் வகைக்குப் போவது நல்லது. 6.25 ஜிகாபிட் வேகத்தில் சுமார் 40 மீட்டர் வரை இழுக்கலாம், பவரும் அதே கேபிளில் போகும்.

கார்டை மாட்டுமுன் மதர்போர்டு மேனுவலைப் படியுங்கள். நீளமான ஸ்லாட் எல்லாவற்றிலும் முழு லேன்கள் (டேட்டா போகும் பாதைகள்) இருக்காது, சிலவற்றில் உள்ளே ஒரே லேன்தான். நான்கு லேன் கார்டு அதில் உட்காரும், வேலையும் செய்யும். வேகம் கூடும்போதுதான் வரிகள் விட்டுப்போக ஆரம்பிக்கும். விண்டோஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பவர் சேவிங்கையும் அணைத்துவிடுங்கள்.

இனி கேபிள். கேமராவையும் கம்ப்யூட்டரையும் அணைத்த பிறகே 26 பின் கனெக்டரைச் செருக வேண்டும். இரண்டு பக்கத் திருகையும் மாற்றி மாற்றிக் கையால் முடுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக முடுக்கினால் கனெக்டர் சாய்ந்து உட்காரும், அன்றைக்குப் படம் வரும், மெஷின் அதிர்வில் ஒரு வாரத்தில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். கேமரா லிங்க்கில் பிழை சரிபார்ப்பு கிடையாது. கேபிளில் ஒரு பிட் மாறினால் அது அப்படியே படத்தில் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும், சாஃப்ட்வேர் அதைத் துணிக் குறை என்று எண்ணும். கேபிளிலேயே பவர் வாங்கும் கேமரா என்றால் அதற்கென்று உள்ள கேபிளையே போடுங்கள். சாதாரணக் கேபிளில் 1, 26 ஆகிய இரண்டு பின்களும் எர்த். பவர் வர வேண்டிய இடம் அதுதான். நல்ல கார்டு இதை உணர்ந்து பவரை நிறுத்திவிடும், ஆனால் அதை நம்பி விளையாட வேண்டாம். மதுரையில் கடைக்குப் போய்க் கேட்டால் கையில் கிடைக்கிற சாமான் இல்லை இது. வாங்கும்போதே இரண்டாக வாங்கி ஒன்றைப் பீரோவில் வையுங்கள்.

மில்லில் பெரிய தலைவலி மோட்டார் டிரைவ்கள் கிளப்பும் மின் இரைச்சல். டிரைவின் பவர் கேபிளோடு கேமரா கேபிளை ஒரே ட்ரேயில் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடந்து போகட்டும். கேமரா பிராக்கெட்டுக்கு அடியில் ஒரு பேக்லைட் தகடு வைத்து, நைலான் வாஷர் போட்டு மெஷின் பாடியிலிருந்து பிரித்துவிடுங்கள். எர்த் பேனல் பக்கம் ஒரே இடத்தில் சேரட்டும்.

இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம். கேமரா கன்ட்ரோல் புரோகிராம் 9600 பாடில் தொடங்கட்டும், கேமரா லிங்க் கேமரா பவர் வந்ததும் பேசுவது அந்த வேகத்தில்தான். கார்டு க்ளாக்கே வரவில்லை என்று சொன்னால் கேபிள் அல்லது பவர். க்ளாக் வந்தும் வரி வரவில்லை என்றால் கேமரா ட்ரிகருக்காகக் காத்திருக்கிறது, ட்ரிகர் இல்லாமலே ஓடும் ஃப்ரீ ரன்னுக்கு மாற்றுங்கள். முதலில் லென்ஸை மறந்து, கேமராவுக்குள்ளேயே இருக்கிற டெஸ்ட் பேட்டர்னை எடுங்கள். அது சுத்தமாக வந்தால்தான் அடுத்த வேலை.

பேட்டர்ன் சுத்தமாக வந்தும் துணி விநோதமாகத் தெரிந்தால் டேப் செட்டிங்கைப் பாருங்கள். டேப் என்பது கேமரா ஒரே நேரத்தில் பிக்சல்களை அனுப்பும் வழி. கேமரா இரண்டு டேப்பில் அடுத்தடுத்த பிக்சல்களை அனுப்ப, கார்டு அதை இடது பாதி, வலது பாதி என்று எடுத்துக்கொண்டால் ஒரே துணி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை தெரியும். நேர்மாறாக இருந்தால் இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று சீப்புப் பல் போலப் பின்னிக்கொள்ளும். வெளிச்சமான இடத்தில் மேப் கோடு மாதிரி வளையங்கள் வந்தால் பிட் ஆழம் பொருந்தவில்லை, 10 பிட்டின் கீழ் 8 பிட்டைக் கார்டு எடுக்கிறது.

கடைசியாக என்கோடர். ஏ, பி இரண்டு சேனலையும் இணையுங்கள். மெஷின் நிற்கும்போது ரோலர் சற்றுப் பின்னால் அசையும், ஏ மட்டும் இருந்தால் அந்த அசைவையும் கார்டு முன்னோட்டமாக எண்ணிவிடும். லைன் டிரைவர் வெளியீடு உள்ள என்கோடராகப் பார்த்து, முறுக்கிய ஜோடிக் கம்பியில் கொண்டுவாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு 200 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ் என்றால் ஒரு பல்ஸ் 0.2 மி.மீ. நமக்கு வேண்டியது 0.25. கார்டில் 4ஆல் பெருக்கி 5ஆல் வகுக்கச் சொல்லுங்கள், 200 மி.மீ.க்கு 800 வரி வரும்.

சரியா என்று பார்க்க, வெள்ளைப் பேப்பரில் காம்பஸ் வைத்து 80 மி.மீ. விட்டத்தில் வட்டம் போட்டுக் கறுப்படித்துத் துணியில் ஒட்டி ஓட்டுங்கள். படத்தில் சுமார் 320 பிக்சல் அகலம், 320 வரி உயரம் வர வேண்டும். உயரம் 400 வந்து முட்டை மாதிரி நீண்டிருந்தால் மேலே சொன்ன வகுத்தல் ஏறவில்லை. உயரம் 320க்குக் குறைந்து வந்தால் சக்கரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பஞ்சு சுற்றிச் சுற்றளவு கூடியிருக்கும், இல்லை சக்கரம் வழுக்கியிருக்கும். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அதைத் துடைக்க ஆப்பரேட்டரிடம் சொல்லி வையுங்கள். வட்டம் வட்டமாக வந்ததும் கேமரா செட்டிங்கைக் கேமராவுக்குள்ளும், கார்டின் கான்ஃபிக் ஃபைலை ஒரு பென் டிரைவிலும் சேமித்து, பென் டிரைவை அந்த ஸ்பேர் கேபிளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.