முதல் ஸ்லைடுக்கு முன்னால் ஒரு கேள்வி

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது, முன்பெல்லாம் என் படிப்பு, அனுபவம் என்று ஐந்து நிமிடம் ஓட்டுவேன். அதற்குள் பாதிப்பேர் செல்போனுக்குள் போயிருப்பார்கள். இப்போது வணக்கம் சொன்னதும் நேராகக் கேள்விதான்: “ரப்பர் தோட்டத்தில் தேனீக்குத் தேன் எங்கிருந்து கிடைக்கிறது? பூவிலா, இலையிலா?”

கை தூக்கச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பேச விடுங்கள். அந்த ஒரு நிமிடம் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, கஷ்டம்தான். ஒருமுறை பின்வரிசை அண்ணாச்சி, “பூ இல்லாம தேன் எப்படிவே வரும்?” என்று சண்டைக்கே போய்விட்டார்.

அதன்பிறகுதான் படம். தளிரில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் குட்டிச் சுரப்பிகள். தேனீக்கள் முக்கியமாக அங்கேதான் உறிஞ்சுகின்றன. தப்பாகச் சொன்ன அண்ணாச்சிதான் முதலில் எழுந்து பார்த்தார்.

கேள்வி அவர்கள் தினமும் பார்க்கிற விஷயமாக இருக்கட்டும், பாதிப்பேராவது தவறக்கூடியதாகவும். ஒன்று போதும், வினாடி வினா நடத்த வேண்டாம்.

இன்னொன்று: நடுவில் பேச்சு சூடுபிடித்தால், பவர்பாயிண்ட் ஓடும்போது கீபோர்டில் ஆங்கில ‘B’ எழுத்தைத் தட்டுங்கள். திரை கறுத்துவிடும், கண்கள் பேசுபவர் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும்.