ஓடைத் தண்ணீர் குடித்து வந்த வயிற்றுக் கோளாறு – என் அனுபவம்

இலங்கையின் நக்கிள்ஸ் மலையில் ஓடைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கொஞ்ச நாள் எனக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது. எண்ணெய்ப் பசையோடு நாறும் வயிற்றுப்போக்கு, உப்பல், அழுகிய முட்டை வாடையில் ஏப்பம். காய்ச்சல் இல்லை. அம்மா கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத் தந்தார், வயிறு கேட்கவில்லை.

ஹட்டனில் ஒரு டொக்டரிடம் போனேன். ஓடைத் தண்ணீர் கதையைச் சொன்னதும் மலப் பரிசோதனைக்கு எழுதினார். முதல் மாதிரியில் எதுவும் இல்லை. ஜியார்டியா கிருமி எல்லா நாளும் வெளிவராது, இன்னொன்று கொடுங்கள் என்றார், அதில் அகப்பட்டது. கிருமி உள்ளே போய் 1 முதல் 3 வாரம் கழித்துத்தான் நோய் தெரியுமாம். அதனால்தான் பழி ஓடையை விட்டுக் கடைச் சாப்பாட்டுக்குப் போகிறது, பாவம்!

மெட்ரோனிடசோல் குளிசை தந்தார். வாயெல்லாம் இரும்புக் கசப்பு. முடியும்வரை சாராயம் கூடாது என்பதை, கூட வந்த நண்பனைப் பார்த்தும் சொன்னார். ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து அடிக்கடி குடித்தேன். பால் கொஞ்ச காலம் செரிக்காது என்பதால் வெறுந்தேநீர்தான். தேயிலைத் தோட்டத்துக்காரனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

இப்போது மலைக்குக் கேத்தலும் வருகிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம் விடுவேன்; 2000 மீட்டரைத் தாண்டிய ஹோர்ட்டன் சமவெளியில் 3 நிமிடம். குளோரின் குளிசையை மட்டும் நம்புவதில்லை, குளிர்ந்த தண்ணீரில் அது ஜியார்டியாவிடம் மெதுவாகத்தான் வேலை செய்யும்.