தாவோ கரிந்தேர்யாவில் சாப்பிடுவது எப்படி

பிலிப்பைன்ஸின் தாவோ நகருக்கு மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர் முதல் சில மாதங்களை நூடுல்ஸிலும் இந்திய மெஸ் சாப்பாட்டிலுமே ஓட்டிவிடுகிறார்கள். தெருவுக்குத் தெரு கரிந்தேர்யா இருந்தும் உள்ளே போகக் கூச்சம். ஒரு குடும்பம் வீட்டு முன்பக்கத்தில் நாலு மேசை போட்டு, காலையில் சமைத்ததைப் பானைகளில் வரிசையாக வைத்து விற்கும் கடைதான் அது. என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். தயங்கி நிற்பவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரம். பதினொன்று, பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். அப்போதுதான் எல்லாப் பானையும் நிறைந்து, சூடாக இருக்கும். ஒரு மணிக்கு மேல் போனால் நல்ல மீன் துண்டுகள் போயிருக்கும், கீரை காலியாகியிருக்கும். தீர்ந்தால் திரும்பச் சமைப்பது அபூர்வம்.

மெனு கார்டு கிடையாது. நேராகப் பானைகள் இருக்கும் இடத்துக்குப் போய், வேண்டியதைக் கையால் காட்டினால் போதும். சில கடைகளில் மூடியை நாமே திறந்து பார்க்கலாம். பார்த்தவுடன் மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். கடை அம்மா உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் 'ஆத்தே', சுருக்கமாக 'தே'. அம்மா வயதுக்காரர் என்றால் 'நாய்' என்று அழைப்பார்கள். நம் காதுக்கு அது சங்கடமாக ஒலிக்கும், ஆனால் அங்கே அது அம்மாவைக் கூப்பிடும் மரியாதைச் சொல், தயங்காதீர்கள். ஆண்களுக்கு 'குயா'. 'உன்சா நி, தே?' (இது என்ன அக்கா?) என்று கேட்டால் ஒவ்வொரு பானையாகப் பெயர் சொல்வார். தாவோவில் பிசாயாவும் தகலோகும் கலந்தே பேசுவார்கள். ஆங்கிலமும் செல்லும். ஆனால் பிசாயாவில் ஒரு வார்த்தை பேசினால் கிடைக்கும் சிரிப்பே தனி.

இனி நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய விஷயம். பன்றியும் மாடும் சாப்பிடாதவர்கள், சைவக்காரர்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பார்க்கக் காய்கறியாக இருக்கும் பினாக்பெட்டில் கத்திரி, பாகற்காய், வெண்டை, பூசணி எல்லாம் இருக்கும். கூடவே இறால் அல்லது மீன் புளிக்கவைத்த விழுதும், பெரும்பாலும் பன்றித் துண்டுகளும் இருக்கும். பூசணியும் காராமணியும் தேங்காய்ப் பாலில் வெந்திருந்தால் அதில் இறால் கிடக்கலாம். பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் போட்ட மொங்கோ நம் வாய்க்கு உடனே பிடித்துவிடும். அதிலும் பன்றியோ கருவாடோ சேர்ப்பது வழக்கம். கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் பழக்கத்தால் அன்று பல கடைகளில் மொங்கோ கிடைக்கும். வெள்ளி என்பதால் இறைச்சி இருக்காது என்று நினைத்துவிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பாக, கெட்டியாக இருக்கும் தினுகுவான் பன்றி ரத்தத்தில் செய்வது. ஹும்பா பன்றி. பல்பக்வா மாடு.

இதைவிட முக்கியம், சூப். சோற்றோடு ஒரு கிண்ணம் சபாவ் இலவசமாக வரும். அது பெரும்பாலும் மாட்டெலும்போ பன்றியெலும்போ கொதித்த நீர். கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள், நாமும் ஏதோ ரசம் என்று குடித்துவிடுவோம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 'நா-அ பாய் பாபோய், தே?' (பன்றி இருக்கிறதா?) மாட்டுக்கு பாபோய் இருக்கும் இடத்தில் 'பாகா'. நான் பார்த்தவரை யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. தாவோவில் முஸ்லிம்கள் நிறையப் பேர் வாழ்வதால் கடைக்காரர்களுக்கு இது பழகிய கேள்வி. பன்றியே வேண்டாம் என்பவர்கள் பாஸ்தில் விற்கும் மகிந்தனாவ் முஸ்லிம்களின் கடைகளைத் தேடிப் போங்கள். வாழையிலையில் சோற்றை வைத்து, மேலே உதிர்த்து வதக்கிய கோழி வைத்துக் கட்டித் தருவார்கள். ஹலால், விலையும் குறைவு, வயிறும் நிறையும்.

சரி, எதைக் கேட்பது? மீன் சாப்பிடுபவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தினோலாங் இஸ்தா கேளுங்கள். இஞ்சி, எலுமிச்சைப் புல், தக்காளி, வெங்காயத் தாள், மீன், கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தெளிந்த நீராகத்தான் இருக்கும். மிளகாய்த்தூளும் மஞ்சளும் இல்லாத மீன் குழம்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்த ஊர் மீன் அவ்வளவு புதியது, அதற்கு மசாலா தேவைப்படுவதில்லை. புளிப்பு வேண்டுமென்றால் புளி போட்ட மீன் சினிகாங். கோழி அடோபோவும் பாதுகாப்பான தேர்வு. வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, எல்லாமே நாம் அறிந்தவை. முட்டை சாப்பிடும் சைவக்காரர்களுக்கு தோர்த்தாங் தாலோங். கத்திரிக்காயைச் சுட்டு, தோல் உரித்து, தட்டையாக்கி, முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. கொத்துக்கறி சேர்க்காததா என்று மட்டும் கேளுங்கள்.

சோறு அளவுச் சோறுதான். கப்பில் அமுக்கித் தட்டில் கவிழ்ப்பார்கள். நம்மவர்களுக்கு ஒன்று போதாது, அடுத்த கப்புக்குக் காசு உண்டு. குழம்பு பாதி அளவு தருவார்களா என்று கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு வகை ருசி பார்க்கலாம்.

உட்கார்ந்ததும் உடனே வாயில் வைத்துவிடாதீர்கள். மேசையில் தோயோ என்ற சோயா சாஸ், மிளகாயும் பூண்டும் ஊறிய தென்னங்கள் வினிகர், பாத்திஸ் என்ற மீன் சாறு, ஒரு தட்டில் கலமன்சி என்ற குட்டி எலுமிச்சை, குட்டி மிளகாய் இருக்கும். இல்லையென்றால் கேட்கலாம். இந்த ஊர்ச் சமையலில் உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் பாதியிலேயே நிற்கும். மீதியைச் சாப்பிடுபவர்தான் முடிக்க வேண்டும். 'சப்பென்று இருக்கிறது' என்று சொல்லும் நம்மவர்கள் எல்லாரும் இதைச் செய்யாமல் சாப்பிட்டவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். குட்டிக் கிண்ணத்தில் தோயோ ஊற்றுங்கள். ஒரு மிளகாயைப் போட்டு முள்கரண்டியின் முதுகால் நசுக்குங்கள், விதை வெளியே வரும் வரை. நெல்லிக்காய் அளவு கலமன்சியை வெட்டி, அடியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பிழியுங்கள். விதை கரண்டியில் தங்கிவிடும். இது சுட்ட மீனுக்கு, முக்கியமாகச் சூரை மீனின் தாடைப் பகுதியான பாங்காவுக்கு. பொரித்த மீனுக்கு வினிகர். தினோலாவிலிருந்து எடுத்த மீன் துண்டைத் தொட்டுக்கொள்ள பாத்திஸும் கலமன்சியும். எதையும் சோற்றின் மேல் கொட்டாதீர்கள், தொட்டுத் தொட்டுத்தான்.

கரண்டியும் முள்கரண்டியும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. கத்தி கிடையாது, கரண்டி விளிம்பே வெட்டிவிடும். கையால் சாப்பிட்டால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பக்கத்து மேசைக்காரர் 'காவோன் தா' (சாப்பிடலாம் வாங்க) என்று அழைத்தால் அது மரியாதை. தட்டோடு போய் உட்கார வேண்டியதில்லை, 'சிகே, சலாமாத்' (சரி, நன்றி) என்று சிரித்தால் போதும்.

பணம் சில இடத்தில் முதலில், சில இடத்தில் கடைசியில். 'பிலா தனன், தே?' (மொத்தம் எவ்வளவு?) காய்கறியும் சோறும் என்றால் 100 பெசோவுக்குள் அடங்கும். காலையிலேயே 1000 பெசோ நோட்டை நீட்டாதீர்கள், சில்லறை இருக்காது. ஜிகேஷ் என்ற கைபேசிப் பணச் செயலியைப் பல கடைகளில் எடுக்கிறார்கள்.

பிடித்த கடையை மாற்றாதீர்கள். ஒரே கடைக்குப் போய்வந்தால் நீங்கள் அவர்களுக்கு 'சூக்கி' ஆகிவிடுவீர்கள், வாடிக்கையாளரைவிட ஒரு படி மேல். என் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் கடை அம்மாவின் மகள் கடைசி மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கணக்குப் போடுவாள். என் தலை தெரிந்ததும் எலும்பு சூப்பை ஒதுக்கிவிட்டு மீன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிவிடுவாள். முதல் நாள் சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவைத்தால், மறுநாள் மொங்கோவில் பன்றியும் கருவாடும் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைப்பார். அதற்கென்று கூடுதல் காசு கேட்டதில்லை. சொல்லிவிட்டால் மட்டும் கட்டாயம் போய்விடுங்கள், வர முடியாதென்றால் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.