பவர்கிளைடைக் கழற்றி டர்போ 350 மாட்டுவது எப்படி?

எங்கள் மிச்சிகன் வீட்டு கராஜில் 1967 ஷெவர்லே ஷெவெல் ஒன்று நிற்கிறது. 283 கன அங்குல வி8 இன்ஜின், அதன் பின்னால் பவர்கிளைடு எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1950-இல் வந்து 1973 வரை ஓடிய பவர்கிளைடு நல்ல உறுதியான பெட்டிதான். ஆனால் அதில் இரண்டே கியர். முதல் கியரின் விகிதம் மாடலைப் பொறுத்து 1.82 அல்லது 1.76, அடுத்தது நேராக 1.00. மேட்டில் நின்று கிளம்பும்போது இன்ஜின் முக்குவது காதில் விழும். ஷெவர்லேவும் ப்யூக்கும் சேர்ந்து உருவாக்கி 1969-இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் (சுருக்கமாக டர்போ 350) மூன்று கியர்: 2.52, 1.52, 1.00. கார் கிளம்பும் விதமே மாறிவிடும்.

வேலை புதியவர்களுக்கும் கைவரும் என்று நான் சொல்வதற்குக் காரணம் நீளம். ஆறு அங்குல வால் உறை (கியர்பாக்ஸின் பின்முனை உறை) கொண்ட டர்போ 350-உம் இந்தக் காரின் பவர்கிளைடும் ஏறக்குறைய ஒரே நீளம், சுமார் 27¾ அங்குலம். பின்னால் இருக்கும் 27 பல் ஸ்ப்ளைனும் (பல் வெட்டிய தண்டு முனை) ஒன்றே. அதனால் பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்டை வெட்ட வேண்டாம், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை நகர்த்த வேண்டாம். ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கியர்) கிடைக்கிறதே என்று பலர் 700ஆர்4 என்ற பெட்டியைத் தேடிப் போகிறார்கள். அது மூன்று அங்குலம் கூடுதல் நீளம், டிரைவ்ஷாஃப்டைக் குறைக்க வேண்டும், அதன் த்ராட்டில் கேபிள் சரியாக அமையாவிட்டால் உள்ளே கிளட்ச் கருகிவிடும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

ஆயில் பேனில் 13 போல்ட், ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டியது போல இருக்கும்: அதுதான் டர்போ 350. இன்ஜினோடு சேரும் மணி வடிவ முன்உறையான பெல்ஹவுசிங் தனியாகக் கழலாது, உடலோடு ஒரே வார்ப்பு. ப்யூக், ஓல்ட்ஸ்மொபீல், பான்டியாக் கார்களில் வந்தவற்றுக்கு போல்ட் துளைகளின் இடமே வேறு, ஷெவர்லே இன்ஜினில் நேராகச் சேராது. ஷெவர்லேயிலிருந்து எடுத்ததுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வால் உறை 9, 12 அங்குலத்திலும் வரும், அளந்து பார்த்து ஆறு அங்குலத்தை எடுங்கள். டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது), டிப்ஸ்டிக் குழாய், கிக்டவுன் கேபிள் (பெடலை முழுக்க அழுத்தும்போது கியரைக் குறைக்கச் சொல்வது), பக்கவாட்டு ஷிஃப்ட் லீவர் எல்லாம் கூடவே வருகிறதா என்று பாருங்கள். பவர்கிளைடின் லீவரும் டிப்ஸ்டிக் குழாயும் இதற்குப் பொருந்தாது.

பழையதை இறக்குவது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காரை நான்கு ஸ்டாண்டிலும் சமமாக நிறுத்துங்கள். கியர்பாக்ஸ் ஜாக்கோடு சேர்ந்து காருக்கு அடியிலிருந்து வெளியே வர வேண்டும், அந்த அளவுக்கு உயரம் தேவை. வெறும் ஜாக்கை நம்பி ஒரு நொடிகூடக் கீழே போகாதீர்கள். நிறுத்தியபின் காரைப் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டும் உள்ளே போங்கள்.

ஆயிலை வடித்துவிட்டு டிரைவ்ஷாஃப்டுக்கு வாருங்கள். பின் ஆக்சிலோடு அது சேரும் இடத்தில் இரண்டிலும் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள், திரும்ப அதே நிலையில் மாட்டினால்தான் அதிர்வு வராது. யூ-ஜாயின்ட் மூடிகளைச் சுற்றி உடனே டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் தரையெங்கும் சிதறும்.

அப்புறம் ஸ்பீடோமீட்டர் கேபிள், ஷிஃப்ட் ராடு, கார்புரேட்டரிலிருந்து வரும் த்ராட்டில் ராடு, வேக்குவம் குழாய், ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ஆயில் குழாய்கள். ஆயில் குழாயின் நட்டைத் திருப்பும்போது பொருத்தியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவதால் எல்லா நட்டும் துருப்பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்துவிடுவேன்.

முன்பக்கத் தகட்டுமூடியைக் கழற்றினால் ஃப்ளெக்ஸ்பிளேட் (இன்ஜினையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் வட்டத் தகடு) தெரியும். இன்ஜினைக் கையால் சுற்றிச் சுற்றி, கன்வர்ட்டரின் மூன்று போல்ட்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

கிராஸ்மெம்பரைத் தொடும் முன்பே இன்ஜினின் பின்பகுதிக்கு ஒரு மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுங்கள். கியர்பாக்ஸின் வால் இறங்கும்போது இன்ஜின் பின்னோக்கிச் சாயும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஃபயர்வாலில் இடித்து உடையும். மூடியை முன்கூட்டியே கழற்றிவிடுவது நல்லது. வால் சற்று இறங்கிய பிறகுதான் மேலே இருக்கும் இரண்டு பெல்ஹவுசிங் போல்ட்கள் கைக்கு எட்டும். நீளமான எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்து, கியர்பாக்ஸின் வால் பக்கத்திலிருந்தே சாக்கெட்டைக் கொண்டுபோய்த் திருப்புங்கள். இறக்கும்போது கன்வர்ட்டர் நழுவி முன்னால் விழாமல் உதவிக்கு ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காலியான இடத்தை விளக்கு அடித்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸ்பிளேட்டில் விரிசல் இருக்கிறதா, இன்ஜின் பின் சீலில் ஆயில் கசிவு இருக்கிறதா, இன்ஜின் பிளாக்கில் கியர்பாக்ஸை நேராக உட்கார வைக்கும் இரண்டு டோவல் ஊசிகளும் இருக்கின்றனவா? கசியும் சீலை இப்போதே மாற்றிவிடுங்கள்.

கன்வர்ட்டரை உட்கார வைப்பது

இந்த ஒரு கட்டத்தை அவசரப்படாமல் செய்தால் மற்றதெல்லாம் போல்ட் முடுக்கும் வேலைதான்.

கன்வர்ட்டருக்குள் ஒரு குவார்ட் டிரான்ஸ்மிஷன் ஆயில் ஊற்றுங்கள். கழுத்தைச் சுத்தமாகத் துடைத்து ஆயில் தடவி, டர்போ 350-இன் முகப்பில் நேராகத் தள்ளுங்கள். அது மூன்று இடங்களில் பொருந்த வேண்டும்: உள்ளீட்டு ஷாஃப்டின் பற்கள், ஸ்டேட்டர் ஷாஃப்டின் பற்கள், கடைசியாகப் பம்ப் கியரின் இரு காதுகள். தள்ளிக்கொண்டே மெல்லச் சுழற்றுங்கள். ஒவ்வொன்றும் சேரும்போது "தட்" என்று உள்ளே இறங்குவது கையில் தெரியும். மூன்று "தட்" வந்தாக வேண்டும்.

நான் முதல் முறை செய்தபோது இரண்டு "தட்" வந்ததும் போதும் என்று நினைத்துத் தூக்கி மாட்டினேன். பெல்ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் இடையே கால் அங்குலம் இடைவெளி நின்றது. போல்டை முடுக்கினால் இழுத்துக்கொள்ளும் என்று முடுக்கினேன். இழுத்துக்கொண்டது. ஆனால் உள்ளே கன்வர்ட்டர் பம்ப் கியரின் மேல் ஏறி நின்று அதை உடைத்துவிட்டது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து ஆயில் கொட்டியது, எந்தக் கியரிலும் கார் நகரவில்லை. புதுப் பம்ப் வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதாயிற்று.

அதனால் சொல்கிறேன்: பெல்ஹவுசிங் கை அழுத்தத்திலேயே இன்ஜினோடு ஒட்டி உட்கார வேண்டும், போல்டால் இழுக்கவே கூடாது. ஒட்டிய பிறகு கன்வர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கொஞ்சமும் இடைவெளி இல்லை, சுற்றவும் மறுக்கிறது என்றால் வெளியே எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஆறு பெல்ஹவுசிங் போல்ட்களையும், பிறகு மூன்று கன்வர்ட்டர் போல்ட்களையும் சுமார் 35 அடி-பவுண்டு முறுக்குக்கு முடுக்குங்கள். கன்வர்ட்டர் துளைகளின் வட்டம் இரண்டு அளவில் வரும், ஃப்ளெக்ஸ்பிளேட்டின் துளைகளோடு பொருந்துகிறதா என்று தரையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இணைப்புகள்

கிராஸ்மெம்பர், டிரைவ்ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் பழைய இடத்திலேயே சேரும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரை மட்டும் மாட்டும் முன் கழுவுங்கள். பழைய பெட்டியின் தூள் புதியதற்குள் போக வேண்டாம்.

இன்ஜினின் உறிஞ்சு அழுத்தத்தைப் பார்த்துக் கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் வேக்குவம் மாடுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து நேராகக் குழாய் கொடுங்கள். அதில் கசிவு இருந்தால் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும். புதுப் பெட்டி கெட்டுவிட்டதோ என்று பயப்படும் முன் முதலில் அந்த ரப்பர் துண்டைப் பாருங்கள்.

கிக்டவுன் கேபிளைக் கார்புரேட்டரில் பிடிக்க ஒரு பிராக்கெட் தேவை, பழைய இரு-குழல் கார்புரேட்டரில் அது இருக்காது. பெடலைத் தரைவரை அழுத்தும்போது கேபிளும் கடைசிவரை இழுபட வேண்டும். வீட்டில் யாரையாவது பெடலை அழுத்தச் சொல்லி, நீங்கள் மேலே நின்று சரிசெய்யுங்கள்.

ஸ்டியரிங் தூணில் இருக்கும் ஷிஃப்டரின் பழைய பலகையில் டிரைவுக்குக் கீழே லோ ஒன்றுதான் உண்டு, இப்போதோ இரண்டு நிலைகள். பார்க், நியூட்ரல் இரண்டு நிலைகளும் துல்லியமாக விழும்படி ராடைச் சரிசெய்துகொள்ளுங்கள், மற்றவை பழகிவிடும். வேறு எந்தக் கியரிலும் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது.

ஆயிலும் முதல் ஓட்டமும்

காலியான பெட்டிக்கும் கன்வர்ட்டருக்கும் சேர்த்து சுமார் 10 குவார்ட் டெக்ஸ்ரான் ஆயில் பிடிக்கும். ஒரேயடியாக ஊற்றாதீர்கள். நான்கு குவார்ட் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஓடும்போதே மீதியை ஊற்றிக்கொண்டே போங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டு எல்லாக் கியரையும் ஒருமுறை தொட்டுவிட்டு, பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பவர்கிளைடை நியூட்ரலில் வைத்துப் பார்த்த கை, பழக்கத்தில் அங்கேயே போகும். டர்போ 350-ஐ பார்க்கில்தான் பார்க்க வேண்டும்.

காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அட்டையில் சிவப்புச் சொட்டு எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே இருக்கும் பொருத்தியை இன்னும் கால் சுற்று முடுக்குங்கள்.