டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே பேட்டரி மேல் பழி போட்டுப் புதிது வாங்கிவிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் கேபிளிலோ (பேட்டரி மைனஸிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் கேபிள்) டெர்மினலிலோ இருக்கும். இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 200 ஆம்பியர் ஓடுகிற வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். சும்மா இருக்கும்போது அந்தக் கேபிளில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகத்தான் காட்டும். அதனால் இந்தச் சோதனைகளில் முக்கியமானவை எல்லாமே செல்ஃப் அடிக்கும்போது எடுக்க வேண்டியவை.

முதலில் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பி.டி.ஓ.வை (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் தண்டு) விடுவியுங்கள். ஸ்டாப் நாப் (இன்ஜினை நிறுத்த இழுக்கும் பிடி) உள்ள வண்டியில் அதை இழுத்துவைத்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும். சோதனைக்கு அதுதான் தோது. சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரை ஷார்ட் செய்யவே கூடாது. அப்படிச் செய்தால், கியரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவிடாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்ச் இருந்தும் பயனில்லை. கியரில் இருக்கிற வண்டி ஸ்டார்ட் ஆன நொடியே ஆள் மேல் ஏறிவிடும்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி, டெர்மினல், அல்லது இறுகிப்போன மோட்டார். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை.

பேட்டரி: ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளவெடுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஒவ்வொரு செல்லையும் பாருங்கள்: முழு சார்ஜில் 1.265 அளவில் இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது.

இனி வோல்ட்டேஜ் டிராப், அதாவது வழியில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்ற சோதனை. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலும் (மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல), கறுப்பு முனையை சொலினாய்டில் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) பேட்டரி கேபிள் வந்து ஏறுகிற தடித்த போல்ட்டிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. அதேபோல் செல்ஃப் மோட்டாரின் உடலில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அங்கிருந்து பேட்டரி மைனஸ் குமிழுக்கு அளவெடுங்கள், 0.3-க்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் குமிழ்–கிளாம்ப், கிளாம்ப்–கேபிள், கேபிள்–சேசிஸ் என்று ஒவ்வொரு இணைப்பாக நகருங்கள். எங்கே எண் எகிறுகிறதோ அதுதான் குற்றவாளி. மைனஸை முதலில் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள்.

கேபிள்கள் சரி, 'டக்' மட்டும் வருகிறதா? சொலினாய்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். சாவி ஸ்டார்ட்டில் இருக்கும்போதும் 12 வோல்ட்டே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. அங்கே 0.3-க்குள் இறங்கி, மோட்டாருக்கு வோல்ட்டேஜும் போய், சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சுத்தியல் பிடியால் லேசாகத் தட்டினால் சுற்றுவது அதற்கு நல்ல அடையாளம். அடுத்த முறையும் தட்டினால் சுற்றும் என்று நம்பி வயலுக்குப் போகாதீர்கள்.

'டட டட டட' என்று அடித்தால் பெரும்பாலும் சார்ஜ் இல்லாத பேட்டரி அல்லது தளர்ந்த டெர்மினல். இரண்டும் சரியென்றால் சொலினாய்டை இழுத்த நிலையில் பிடித்துவைக்கும் ஹோல்டிங் காயில் போயிருக்கும்.

சத்தமே இல்லையென்றால் சொலினாய்டின் மெல்லிய வயரைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் அதில் பேட்டரி வோல்ட்டேஜ் வந்தும் சொலினாய்டு அசையவில்லை என்றால் சொலினாய்டை மாற்ற வேண்டியதுதான். வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், நியூட்ரல் மற்றும் கிளட்ச் சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள்: ஒவ்வொன்றிலும் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை என்ற இடம் வரும். செல்ஃப் அடித்தபடியே கியர் லீவரை நியூட்ரலிலேயே இப்படியும் அப்படியும் ஆட்டும்போது எடுத்துக்கொண்டால் நியூட்ரல் சுவிட்ச் இடம் தவறியிருக்கிறது. அதை நேரடியாக இணைத்துச் சோதிக்கலாம். அப்படியே விட்டுவிடக் கூடாது.

எதுவானாலும் ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். 2 நிமிடம் ஆறவிடுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனபின் நடுத்தர வேகத்தில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், சாவியை அணைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் அம்மீட்டரை மாட்டுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் குறைகிறது என்று பாருங்கள். மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.