ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லையா? ரிப்பேர் வேண்டாம், முதலில் நகல் எடுங்கள்

நேற்று வரை ஓடிய டிஸ்க் இன்று திறக்கவில்லை என்றால், முதல் வேலை கம்ப்யூட்டரை அணைப்பதுதான். இன்னொரு தடவை ஆன் செய்தால் வந்துவிடும் என்று மனசு சொல்லும். நானும் அப்படித்தான் ஒரு மணி நேரம் ஆன் செய்து ஆன் செய்து பார்த்தேன், முதல் தடவை கண்ணில் பட்ட ஃபோல்டர்கள்கூட கடைசியில் காணாமல் போயின. பழுதான டிஸ்க்கை இன்னும் எத்தனை தடவை படிக்க முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கிற ஆயுளை நகல் எடுக்க மட்டும் செலவழியுங்கள். ரிப்பேர் எல்லாம் அப்புறம், அதுவும் நகலில்.

அடுத்து, சத்தம். டக், டக் என்று தட்டினாலோ கரகரவென்று உரசினாலோ உங்கள் வேலை அங்கேயே முடிந்தது, டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். டேட்டாவைப் படிக்கும் முனையான ரீட் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது உரசினால் காந்தப் பூச்சே சுரண்டப்பட்டுவிடும், அந்த இடத்தில் இருந்ததை எந்த லேபும் திருப்பித் தர முடியாது. மூடியைத் திறக்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்கும் பழைய யோசனையும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும். இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அதனதன் போர்டில் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கும்.

சத்தம் எதுவும் இல்லை, டிஸ்க் தெரியவும் இல்லை என்றால் கேபிளையும் அதைச் செருகும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வெளிக்கூட்டின் போர்டு மட்டும் போயிருக்கவும் வாய்ப்புண்டு. உள்ளே சாட்டா என்ற வழக்கமான இணைப்பு உள்ள டிஸ்க் இருந்தால் வேறு கூட்டில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சில மாடல்களில் என்க்ரிப்ஷன் (டேட்டாவைப் பூட்டுவது) செய்வதே அந்த போர்டுதான்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறதா? கேன்சல் கொடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கையும் ஓட்டாதீர்கள், அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதி), ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால் மாற்று இடம் தரப்பட்ட பகுதி) எண்ணிக்கை பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தால் டிஸ்க்கின் பரப்பில் பழுது இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நகல். லைவ் லினக்ஸ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவியான ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை ஓட்டுங்கள், சாதாரண காப்பி பேஸ்ட் இதற்கு ஆகாது, கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். முதல் சுற்றை ஸ்கிரேப்பிங் (கெட்ட இடங்களைத் துண்டு துண்டாகப் படிக்க முயல்வது) இல்லாமல் ஓட்டுங்கள். எதுவரை வந்தது என்பதை மேப் ஃபைலில் எழுதிக்கொள்வதால் நடுவில் நின்றாலும் தொடரலாம், ஆனால் அந்த ஃபைலை லைவ் சிஸ்டத்திலேயே வைத்தால் ரீஸ்டார்ட்டில் போய்விடும், வேறு டிரைவில் வையுங்கள். நகல் போகும் டிஸ்க் அதே கொள்ளளவோ அதற்கு மேலோ, காலியாக இருக்க வேண்டும். எது பழுதான டிஸ்க், எது நகல் போகும் டிஸ்க் என்பதை சீரியல் நம்பரை வைத்து இரண்டு தடவை சரிபாருங்கள், தயவுசெய்து, இங்கே மாறினால் எல்லாம் அழிந்துவிடும்.

நகல் கையில் வந்த பிறகு பயமில்லை. பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) தொலைந்திருந்தால் அதைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க். அதுவும் கைகொடுக்காவிட்டால் ஃபோட்டோரெக். இரண்டும் இலவசம். ஃபோட்டோரெக் ஃபைல்களை அவற்றின் உள்ளமைப்பை வைத்துத் தேடுவதால் பழைய பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது, ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். மீட்டதை மூன்றாவது டிஸ்க்கில் சேமியுங்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் கதை வேறு. அழித்த ஃபைலின் இடத்தை டிரிம் என்ற வசதி சீக்கிரமே துடைத்துவிடும், அதனால் அழித்தது தெரிந்த உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயையும் தேடி எடுத்துவையுங்கள், அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கலாம்; அதுவோ பாஸ்வேர்டோ இல்லாமல் முழு நகல் கிடைத்தாலும் ஒரு ஃபைலையும் திறக்க முடியாது.